புள்ளி ஒன்று ஐந்து

கரண்ட் போனதால்தான் எல்லாம் தெரியவந்தது. போகாமல் இருந்திருந்தால் சர்வேஷ் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். ஊரில் பாதிப் பேர் சேர்த்துவைத்த பழைய நாட்களும் அவரோடு போயிருக்கும். ஒருவருக்கும் காரணம் தெரிந்திருக்காது.

சர்வேஷுக்கு வயது அறுபத்தாறு. சர்வேஷ், தனுஸ்ரீ, முகிலன் என்ற பெயர்களைக் கேட்டாலே கைத்தடியும் மாத்திரை டப்பாவும் நினைவுக்கு வருகிற காலம் அது. அருப்புக்கோட்டையில் திறந்திருந்த கல் மீட்பு மையத்தில் அவர் சோதனை பார்க்கிறவர். ஊர்க்காரர்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும், ஏதோ ஒரு நிமிஷத்தைப் பதிந்துவைத்த பழைய நிமிஷக்கல்லைக் கொண்டுவருவார்கள். அவர் அதை இயந்திரத்துக்குள் வைத்துப் பார்ப்பார். உள்ளே ஏதாவது இருந்தால் புதுமுறையில் பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்புவார். இல்லையென்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு மஞ்சள் பெட்டியில் போடுவார். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மஞ்சள் பெட்டி வண்டி ஏறிவிடும்.

ஏறிப்போகிற கற்களை அழித்து உருக்கி, காது கேட்காத குழந்தைகளுக்குக் கருவி செய்தார்கள். அந்த வகைக் கல்லைப் புதிதாக வளர்க்கும் தொழிற்சாலைகள் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. நல்ல காரியம்தான். அதனால் கொடுப்பவர்களும் பெரிதாக முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

அந்த வியாழக்கிழமை மதியம் வந்தவள் ரிஸ்வானா. நாற்பதை நெருங்குகிறவள். கைப்பையைத் திறந்து, பட்டுத்துணியில் சுற்றிய கல்லை எடுத்து மேசைமேல் வைத்தாள். விரல்நகம் அளவுதான் இருந்தது. அதன் உறையில் மை மங்கிய எழுத்தில் ‘31 டிகிரி’ என்று எழுதியிருந்தது.

“இது முன்னாடி நீங்க வச்சிருந்த கடையில எழுதுனதுண்ணே. எங்க அத்தா கூட்டிட்டு வந்தாரு. எனக்கு அப்ப ஒம்பது வயசு.”

“எழுத்தப் பாத்ததுமே தெரிஞ்சுச்சும்மா. உக்காருங்க.”

கல்லில் இருக்கும் வாசனையையும் உணரவைக்கும் பட்டையை அவளுடைய தலையில் மாட்டிவிட்டு, கல்லை இயந்திரத்தின் அறைக்குள் வைத்தார். முப்பத்தொன்று என்று தட்டினார். இயந்திரம் தானாகவே அதைக் கெல்வினுக்கு மாற்றி, 304.15 என்று காட்டிவிட்டு மெல்லச் சூடேறத் தொடங்கியது.

“கல்லுல எழுதுனதக் கேக்குறதுக்கு எதுக்குண்ணே சூடு?” என்றாள் ரிஸ்வானா.

“கல்லு சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். எழுதுனப்ப எந்தச் சூட்டுல இருந்துச்சோ, அதே சூட்டுக்குக் கொண்டுவந்தாத்தான் உள்ள இருக்குற அடுக்கெல்லாம் நேரா வந்து உக்காரும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் ஒண்ணும் கேக்காது.”

“கொஞ்சம்னா?”

“டிகிரில பத்துல ஒரு பங்கு.”

“எங்க வீட்டு ஏசி இருக்கே, அஞ்சு டிகிரி அங்கிட்டு இங்கிட்டு ஓடும். கல்லுக்கு இம்புட்டு ரோஷமா,” என்று சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியது. இயந்திரம் 304.15ஐத் தொட்டு நின்றது. ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. ரிஸ்வானா கண்ணை மூடியபடி காத்திருந்தாள். சர்வேஷ் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டார். ‘ஒண்ணும் இல்லம்மா, கல்லு செத்துப்போச்சு.’ மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் வாயில் பழகிவிட்டது. நான்கு வாரத்துக்கு முன்பு சொந்த அக்காவிடமே, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் பிடிக்க ஒரு நிமிஷமாவது ஆகும். இயந்திரத்தின் மற்ற பாகங்கள் பேட்டரியில் ஓடும், ஹீட்டர் மட்டும் நின்றுவிடும். கல் ஆறத் தொடங்கியது. 304.12. 304.08. 304.03. அப்போது ஒலிபெருக்கியிலிருந்து, யாரோ பக்கத்து அறைக் கதவைத் திறந்ததுபோல, ஒரு ஆண்குரல் வந்தது.

“—தலைய ஆட்டாத, வகிடு கோணிருச்சு பாரு—”

இரண்டே நொடி. பிறகு குரல் போய்விட்டது. 303.97.

“அத்தா,” என்றாள் ரிஸ்வானா. கண்ணைத் திறக்கவில்லை. “அண்ணே, அத்தாதான். தேங்காயெண்ணெ வாசம் வந்துச்சு. எங்கம்மா இல்லாததால அவருதான் தல வாரி விடுவாரு.”

சர்வேஷ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் வந்தபோது அங்கே நின்ற எண்ணை அவர் பார்த்திருந்தார். சரியாக முந்நூற்று நான்கு. அதற்குமேல் ஒரு புள்ளியும் இல்லை.

உறையை எடுத்துத் தன் பழைய கையெழுத்தைத் திரும்பப் பார்த்தார்.

முப்பது வருஷத்துக்கு முன்பு நிமிஷக்கல் இல்லாத வீடு அருப்புக்கோட்டையில் கிடையாது. படம் இல்லை, வெறும் ஒலியும் இல்லை. ஒரு நிமிஷம் முழுசாக, காற்றும் வாசனையும் மின்விசிறிச் சத்தமுமாக உள்ளே உட்கார்ந்திருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சர்வேஷின் கடை. ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பவுடர் பூசிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். கல்லில் முகம் தெரியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் பவுடர் பூசாமல் வரமாட்டார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் யாருக்கும் பேச வராது. அரை நிமிஷம் கழித்து மாமியாரும் மருமகளும் எதையாவது பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அதுவும் கல்லில் ஏறிவிடும். பிற்பாடு அந்தச் சண்டையைத்தான் ஆசை ஆசையாகக் கேட்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சர்வேஷும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கடையில் இருந்த பதிவு இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதற்கு கெல்வின் மட்டும்தான் தெரியும். அறையின் சூட்டை அருகில் உள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் சர்வேஷ் எழுதுவார். 304, 301, 306 என்று. முதல் நாள் முதல் கல்லின் உறையில் 304 என்று எழுதிக் கொடுத்தபோது, வாங்கியவர் பதறிப்போனார். “முந்நூத்தி நாலு டிகிரியா? நாங்க என்ன உள்ள வெந்துக்கிட்டா இருந்தோம்?” என்று கேட்டார். அன்றைக்கு எவ்வளவு வெயில் என்று தெரிவதும் அந்த நிமிஷத்தைச் சேர்ந்ததுதான் என்று மக்கள் நினைத்தார்கள். வெயிலைச் செல்சியஸில் சொன்னால்தான் அவர்களுக்கு வெயில்.

எனவே சர்வேஷ் மனக்கணக்குப் போட்டார். பள்ளிக்கூடத்தில் படித்தது, கெல்வினில் 273ஐக் கழித்தால் செல்சியஸ். 304 என்றால் 31. யாராவது திரும்பக் கேட்க வந்தால், உறையில் இருக்கும் 31உடன் 273ஐக் கூட்டி 304 என்று வைப்பார். கல் பேசும். கழிக்கும்போது செய்த பிழையைக் கூட்டும்போதும் செய்ததால், ஒன்று இன்னொன்றைச் சரிக்கட்டிக்கொண்டே இருந்தது. இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் 273.15 என்றுதான் போட்டிருந்தது. அதை அவர் படித்தும் இருந்தார். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அப்போது தோன்றியது.

மையத்தின் புது இயந்திரத்துக்கு அந்த மாதிரித் தோன்றாது. அது முப்பத்தொன்றைச் சரியாக 304.15 ஆக்கியது. சர்வேஷ் தன் கையால் எழுதிய கல் ஒவ்வொன்றும் புள்ளி ஒன்று ஐந்து தள்ளி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஜெனரேட்டர் பிடித்தது. சர்வேஷ் 304.00 என்று நேரடியாகத் தட்டினார். ஒரு நிமிஷம் முழுக்க அத்தா தன் மகளுக்குத் தலை வாரினார். சிக்கெடுத்தார், திட்டினார், ரிப்பனைத் தேடினார். கடைசியில் “இப்பப் பாரு, ராணி மாதிரி இருக்க” என்றார். ரிஸ்வானா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிரதியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கேட்டாள். “மொதல்ல ஏண்ணே வரல?”

“மிஷின் மக்கர் பண்ணுதும்மா,” என்றார் சர்வேஷ், வாய் கூசாமல்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு மஞ்சள் பெட்டியைத் திறந்தார். நாற்பத்திரண்டு கற்கள். முப்பத்தாறில் அவருடைய கையெழுத்து இருந்தது. மூன்றை எடுத்து, புள்ளி ஒன்று ஐந்து குறைத்து வைத்துப் பார்த்தார். மூன்றும் பேசின. ஒரு கிழவர் ‘அவன் கிடக்கான், நீ சாப்புடு’ என்றார். ஒரு குழந்தை விடாமல் இருமியது. ஒரு பெண் யாருக்கோ முருங்கைக்காய்க் குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

அவர் எழுதியவற்றில் இந்த மையத்திலிருந்து போய் ஏற்கெனவே அழிந்தவை நூற்றுப் பதினேழு. அதில் ஒன்று தனுஸ்ரீ அக்காவுடையது.

வாயைத் திறக்காமலே இதைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பெட்டியில் இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்து, ‘மறுபடி பாத்தேன், கெடச்சிருச்சு’ என்று உரியவர்களுக்குக் கொடுத்துவிடலாம். இனிமேல் வருவதையும் சத்தமில்லாமல் குறைத்து வைத்துப் படித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. போனவை போனவைதான், அவற்றைக் கொண்டுவர முடியாது. அக்காவுக்கும் தெரியவேண்டியதில்லை. நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் அதிலேயே இருந்தார்.

அதிகாரி இனியா மேடம் உள்ளே வந்தது அப்போதுதான். நாற்பது வயது, எந்த ஃபைலையும் மேசையில் தங்கவிடாத சுறுசுறுப்பு.

“சார், நாளைக்குப் பெட்டி ரெடிதானே? மதுரைல, சிவகாசில, திண்டுக்கல்லுலயும் நெறைய சேந்துருக்காம். எல்லாம் உங்க கடைக் கல்லுதான், எல்லாமே செத்தது. ‘அருப்புக்கோட்டைக் கல்லுன்னா பாக்கவே வேணாம், நேரா பெட்டில போடு’ன்னு பேசிக்கிறாங்க. அப்ப மட்டமான சரக்கா வாங்கிப் போட்டீங்களா?”

சர்வேஷுக்குக் கோபம் வரவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து மருமகளாகப் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள், எல்லா ஊரிலும் அவருடைய கையெழுத்தைச் சுமந்துகொண்டு போயிருந்தார்கள். நாளை நான்கு மணிக்கு எல்லா ஊரிலிருந்தும் வண்டி கிளம்பும். அவர் சத்தமில்லாமல் சரிசெய்யக்கூடியது இந்த ஒரு பெட்டியை மட்டும்தான்.

“சரக்கு நல்ல சரக்கு மேடம். எங்கணக்குதான் மட்டம்.”

சொல்லி முடித்தார். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“புள்ளி ஒண்ணு அஞ்சா? அதுக்கா இவ்வளவும்?”

“ஒடம்புக்கு அது தெரியாது மேடம். ஒரு காய்ச்சல்காரன் நெத்தியில கைய வச்சாக்கூடத் தெரியாது. கல்லுக்குத் தெரியும்.”

“நீங்க எழுத்துல குடுத்தா இப்பவே எல்லா மையத்துக்கும் அனுப்பிருவேன். எந்தப் பெட்டியும் ஏறாது. ஆனா போன நூத்திப் பதினேழு பேருக்கும் நாம தகவல் சொல்லணும் சார். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவங்க ஃபோனுக்குப் போயிரும். உங்க பேரோட.”

“போகட்டும்.”

“அந்த லிஸ்ட்ல உங்க அக்கா…”

“தெரியும் மேடம். அதுக்குள்ள நானே போய்ச் சொல்லிடுறேன்.”

எழுதிக் கொடுத்தார். பத்து வரிகூட இல்லை. கையெழுத்துப் போடும்போது தேதியைத் தப்பாகப் போட்டு, அடித்துத் திருத்தினார்.

அக்கா வீடு திருச்சுழி ரோட்டில். வெயில் தாழ்ந்திருந்தது. தனுஸ்ரீ கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்பது வயதிலும் மடிப்பு நூல் பிடித்தாற்போல இருக்கும். முகிலன் மாமா இறந்து ஒன்பது வருஷம் ஆகியும், அவருடைய இரண்டு சட்டைகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை துவைத்து மடித்து வைப்பாள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

“என்னடா இந்நேரத்துல? மொகம் ஏன் இப்பிடி இருக்கு? சுகர் மாத்திர போட்டியா?”

“அக்கா, செல்சியஸ்ல இருந்து கெல்வினுக்கு மாத்தணும்னா எவ்வளவு கூட்டணும்?”

“எனக்கென்னடா தெரியும், நான் காமர்ஸ்காரி. என்ன விஷயம், அதச் சொல்லு.”

சொன்னார். எங்கெங்கோ சுற்றினார். ரிஸ்வானாவில் ஆரம்பித்து, ஜெனரேட்டருக்குப் போய், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, ஒரு வழியாக உறையில் எழுதிய எண்ணுக்கு வந்து சேர்ந்தார். அக்கா மடித்துக்கொண்டே கேட்டாள். பாதியில் கை நின்றது.

“அப்ப எங்கல்லு சாகலயா?”

“சாகலக்கா.”

“நீ பாத்தப்ப அவரு உள்ளதான் இருந்தாரா?”

“இருந்தாருக்கா. இருபத்தெட்டுன்னு எழுதியிருந்தேன். முந்நூத்தி ஒண்ணுல வச்சிருந்தாப் பேசியிருப்பாரு. மிஷினு புள்ளி ஒண்ணு அஞ்சு கூட வச்சுச்சு. எனக்கு அது அப்பத் தெரியல.”

அக்கா மடியில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“எங்கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னியேடா. ‘ஒண்ணும் இல்லக்கா, மாமா போயிட்டாரு’ன்னு. நானும் ஏதோ ஒரு புள்ளைக்குக் காது கேக்கட்டும்னு கையெழுத்துப் போட்டேன். எனக்குன்னு இருந்தது அந்த ஒரு நிமிஷம்தானே. ஒங்கடைல இருந்த பழைய மிஷினு கெட்டதுலருந்து ரெண்டு வருஷமா கேக்கக்கூட இல்ல, பத்திரமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். எழுதுனவனும் நீ, அழிச்சவனும் நீ.”

சர்வேஷுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவ்வளவு பெரியதுக்கு அந்தச் சின்னச் சொல்லைக் கொண்டுபோய் நீட்ட அவருக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்தபடி அழுதார். அக்கா அவரைத் தேற்றவில்லை. தெருவில் பால்காரனின் வண்டி வந்து, மணியடித்துப் போனது.

பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள், யாருக்கோ பாடம் ஒப்பிப்பதுபோல.

“‘தனு, நான்தான்’னு ஆரம்பிப்பாரு.”

சர்வேஷ் நிமிர்ந்தார். அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. மாமா லடாக்கில் சூரிய மின்பண்ணை வேலைக்கு மூன்று வருஷம் போக இருந்தார். கிளம்பும் அன்று காலை, அக்காவுக்குத் தெரியாமல், பையும் கையுமாகக் கடைக்கு வந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவர் சர்வேஷ் ஒருவர்தான்.

“அதுக்கு முன்னாடி தொண்டையச் செருமுவாரு,” என்றார்.

“ஆமா. ரெண்டு தடவ. ‘தனு, நான்தான். மோட்டாரப் போட்டா மறக்காம நிறுத்து.’”

“‘கறிவேப்பிலைக்குக் கழுநீர் ஊத்து.’”

“அது மோட்டாருக்கு அப்புறம் இல்லடா. நடுவுல கேஸ் சிலிண்டர் வரும். ‘சிலிண்டர்காரன் வந்தா வாஷர் இருக்கான்னு பாரு’ம்பாரு. அப்புறம்தான் கறிவேப்பில.”

“அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாரு.”

“ஃபேன் சத்தம் மட்டும் கேக்கும். வெளிய எவனோ ஹாரன் அடிப்பான். அப்புறம், ‘வேற என்ன… ம்… வேற ஒண்ணும் இல்ல. வச்சிரவா?’ போன்ல பேசுற மாதிரி. கல்லுகிட்டப் போயி வச்சிரவான்னு கேக்குறாரு மனுஷன்.” அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “அம்புட்டுத்தான். அதோட முடிஞ்சிரும்.”

“முடியலக்கா.”

“முடிஞ்சிரும்டா. ஆயிரந்தடவ கேட்ட எனக்குத் தெரியாதா?”

“கல்லு அதோட முடிஞ்சிரும். மாமா எந்திரிக்கலக்கா. நான் கதவத் தெறந்துட்டு நின்னேன், அவரு அப்படியே உக்காந்துருந்தாரு.”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த முப்பது வருஷத்தில் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒளித்துவைத்ததும் இல்லை, கல்லில் ஏறாததைப் பற்றிக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

“வேர்த்து ஊத்துச்சு. கர்ச்சீப்ப எடுத்து மொகத்தத் தொடச்சாரு. ‘மாப்ள, சொல்ல வந்தத விட்டுப்புட்டு மோட்டாரு, சிலிண்டருன்னு என்னத்தையோ ஒளறிட்டேன்டா’ன்னாரு. ‘இன்னொரு கல்லு போடவா மாமா?’ன்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சாரு. அப்புறம், ‘வேணாம்டா. இதெல்லாம் கல்லுல சொல்ற விஷயம் இல்ல. திரும்பி வந்து நேர்லயே சொல்லிக்கிறேன்’னுட்டு, பையத் தூக்கிட்டுப் போயிட்டாரு.”

அக்காவின் கை, பக்கத்தில் மடித்து வைத்திருந்த மாமாவின் சட்டைமேல் இருந்தது.

“சொன்னாராக்கா?”

“சொன்னாரு,” என்றாள் அக்கா. “மூணு வருஷங்கழிச்சு, பஸ்ஸ விட்டு எறங்குனதுமே. பையக்கூடக் கீழ வைக்கல.”

என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. சர்வேஷும் கேட்கவில்லை.